பைனை அவசரப்பட்டுத் தட்டில் ஏற்றாதீர்கள்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் இருக்கிறேன். வயது 60, பணி ஓய்வு பெற்றாயிற்று. கொடைக்கானலில் இருக்கும் மகள் போன வருடம் நான்கு வயது ஜப்பான் கருப்பு பைன் கன்று ஒன்று வாங்கித் தந்தாள். பென்சில் தடிமன், ஒன்றரைச் சாண் உயரம். போன்சாய், அதாவது தட்டில் வளரும் குட்டை மரம், ஆக்க வேண்டுமென்று அழகான பீங்கான் தட்டில் மாற்றி, கம்பி சுற்றி, வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வைத்திருக்கிறேன். நுனியில் தளிர் நீளும்போதெல்லாம் கிள்ளிவிடுகிறேன். ஆனாலும் ஊசி இலைகள் நீண்டு, வெளிறிப்போய், தொங்குகின்றன. மண்ணைக் கிளறினால் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது, மருந்து ஊற்றலாமா? தளிரை எந்த மாதம் கிள்ள வேண்டும்? படங்களில் பார்க்கிற மாதிரி இதை நான் பார்த்துவிட்டுப் போவேனா?

பதில்: முதலில் அந்தப் பூஞ்சை. மருந்து ஊற்றிவிடாதீர்கள். பைன் வேரோடு ஒட்டி வாழ்கிற நல்ல பூஞ்சை அது. தண்ணீரையும் சத்தையும் வேருக்குச் சேர்த்துக் கொடுத்து, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரே செய்தி அதுதான். தொட்டி மாற்றும்போதும் அந்த வெள்ளை இழை படிந்த பழைய மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப் புதுக் கலவையில் சேர்த்துவிடுங்கள்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒன்றுதான். நீங்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துகொண்டிருக்கிறீர்கள். தட்டும் கிள்ளுதலும் ஊசியைக் குட்டையாக்குவதும் இருபதாவது ஆண்டின் வேலை. உங்கள் கையில் இருப்பது இன்னும் போன்சாய் ஆகவில்லை, நாற்றுதான்.

போன்சாய்க்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: அடித்தண்டின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு உயரம் இருந்தால் மரம் முதிர்ந்ததாகத் தெரியும். உங்கள் பென்சில் தண்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நாலு சென்டிமீட்டர்தான் வருகிறது! ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மரம் வேண்டுமென்றால் அடித்தண்டு ஆறு சென்டிமீட்டராவது பருக்க வேண்டும். தட்டில் வைத்துக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அது நடக்காது. தண்டைப் பருக்க வைப்பது இலை. இலையை எடுக்க எடுக்கத் தண்டு அப்படியே நிற்கும்.

ஜப்பானில் தகமாட்சு நகரைச் சேர்ந்த கினாஷி என்ற பகுதி பைன் போன்சாய்க்குப் பேர்போனது. அங்கே கருப்பு பைனை நம் ஊரில் கத்தரி, மிளகாய் போடுவது போல வயலில் வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள். பல ஆண்டு மண்ணில் கிடந்து தண்டு உருண்ட பிறகுதான் தொட்டியைப் பார்க்கிறது மரம். நமக்குக் கண்காட்சித் தட்டில் நிற்கும் கடைசிப் படம் மட்டும் வந்து சேர்கிறது. அதற்கு முந்தைய இருபது ஆண்டின் கோரமான வளர்ச்சியை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அந்தக் கோரத்தைத்தான் இப்போது நீங்கள் அனுமதிக்க வேண்டும். உச்சிக் கிளையை வெட்டாமல் விடுங்கள், ஆள் உயரம் போனாலும் போகட்டும். அதற்குத் தியாகக் கிளை என்று பெயர். அடித்தண்டைப் பருக்க வைத்துவிட்டு, ஒருநாள் வெட்டுப்பட்டுப் போகப்போகிற கிளை. நீங்கள் காப்பாற்ற வேண்டியவை அடியில் ஒரு சாணுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கிளைகள். நாளைய மரம் அவைதான். மேலே ஓடும் கிளை நிழல் கட்டி அவற்றைச் சாகடிக்காதபடி, தியாகக் கிளையின் கீழ்ப்பகுதி ஊசிகளை மட்டும் உருவிவிட்டு, நுனியில் குஞ்சம் போல விட்டுவையுங்கள். தண்டு போதுமென்று தோன்றும்போது ஒரே வெட்டாக வெட்டாமல், இரண்டு மூன்று கட்டமாகக் குறைத்து எடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பச்சை ஊசியே இல்லாத பழைய கட்டை வரை பைன் கிளையை வெட்டினால் அது துளிர்க்காது, காய்ந்துதான் போகும். ஆலும் அரசும் வெட்டிப் பழகிய கைக்கு இது அடிக்கடி மறந்துபோகிறது.

இனி கேண்டில். கிளை நுனியில் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து வரும் தளிரை அப்படித்தான் சொல்கிறோம். கருப்பு பைனில் அதன் மொட்டு வெள்ளியாக வெளுத்திருக்கும். நீங்கள் செய்வது போல நீள நீளக் கிள்ளுவது வேறு, கருப்பு பைனுக்குச் செய்யும் முறை வேறு. இந்த மரம் முதல் தளிரை இழந்தால் அதே ஆண்டில் இரண்டாம் தளிர் விடும் வலு கொண்டது. அதனால் கேண்டில் நன்றாக நீண்டு ஊசி விரியத் தொடங்கிய பிறகு, கோடை முற்பகுதியில் ஒரே ஒருமுறை அடியோடு நறுக்குகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள். சில வாரத்தில் வெட்டின இடத்தைச் சுற்றிப் புது மொட்டுகள் வரும். வளர மிச்சமிருக்கும் நாள் குறைவு என்பதால் அவற்றின் ஊசி குட்டையாக நிற்கும். கண்காட்சி மரத்தின் ரகசியம் இதுதான். இதிலும் ஒரு நுணுக்கம்: உச்சியில் வலு அதிகம், அடியில் குறைவு. ஆகவே வலுவில்லாத கேண்டிலை முதலில் வெட்டி முந்தவிட்டு, ஏழு முதல் பத்து நாள் கழித்து நடுத்தரமானவற்றை, கடைசியில் உச்சியில் இருப்பவற்றை வெட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு நுனியிலும் இரண்டு தளிரை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய ஊசிகளை உச்சியில் அதிகமாகவும் அடியில் குறைவாகவும் உருவுவார்கள். எல்லாக் கிளையிலும் வலு சமமாகும்.

நான் இதை ஆறு வயது மரத்தில் செய்து பார்த்தவன். முதல் ஆண்டு ஊசி குட்டையாக வந்ததும் பூரித்துப்போய் மறு ஆண்டும் வெட்டினேன். மூன்றாம் ஆண்டு அடிக்கிளை நான்கும் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. மரம் பிழைத்தது, ஆனால் அடியில் கிளையில்லாத பைனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னும் என் மாடியில் துடைப்பம் போல நிற்கிறது. ஆகவே எந்த மாதம் கிள்ளுவது என்ற உங்கள் கேள்விக்கு, இன்னும் பத்து ஆண்டுக்கு எந்த மாதமும் கிள்ள வேண்டாம் என்பதுதான் பதில். அதற்குப் பிறகும், மரம் கொழுத்து நிற்கும் ஆண்டில் மட்டும் வெட்டுங்கள். செட்டிநாட்டில் சூடு எளிதில் அடங்காது, வளர நாள் அதிகம், எனவே சீக்கிரம் வெட்டினால் இரண்டாம் ஊசியும் நீளமாகவே வரும். நானாக இருந்தால் ஆடி பிறக்கும் முன் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன்.

ஊசி வெளிறுவதற்குக் காரணம் வளவு. வளவு வாசலில் வானம் தெரிகிறதே என்று நினைப்போம். ஆனால் சுற்றிலும் தாழ்வாரம் இறங்கியிருக்க, நேர்வெயில் உச்சிப் பொழுதில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்தால் அதிகம். கருப்பு பைன் கடற்கரை மரம். ஜப்பானில் உப்புக்காற்றைத் தடுக்கக் கரையோரம் வரிசையாக நடுகிற மரம். வெயிலுக்கு அது பயப்படாது. வெந்துபோவது தொட்டிக்குள் இருக்கும் வேர்தான். மொட்டை மாடியில் வையுங்கள், ஆனால் தளத்தில் நேரே வைக்காமல் பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். சித்திரை, வைகாசியில் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் பச்சை வலை. பெரிய மண்தொட்டி ஒன்றில் ஈர மணல் பரப்பி, அதில் இந்தத் தட்டை விளிம்பு வரை இறக்கிவிட்டால் இந்தக் கோடையைத் தாண்டிவிடும். உள்ளே இரண்டு மூன்று வருடத்துப் பழைய ஊசி மஞ்சளாகி உதிர்ந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு.

தட்டிலிருந்து எடுப்பதை மார்கழிக் கடைசி, தை வரை தள்ளிப்போடுங்கள். மொட்டு நீளத் தொடங்குவதற்கு முந்தைய குளிர்ந்த நாட்கள் அவை. ஓட்டை நிறைந்த ஆழமான பிளாஸ்டிக் கூடை போதும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். மண்ணை முழுக்கக் கழுவவும் வேண்டாம். நம் செம்மண் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சிமெண்டு போல இறுகும், பைன் வேருக்கு ஆகாது. ஜப்பான்காரர்கள் அகடாமா என்ற களிமண் உருண்டையைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஊரில் அதற்கு ஈடாகப் பழைய நாட்டு ஓடு கிடைக்குமே. அதை நொறுக்கி, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் துண்டுகளைச் சலித்தெடுத்து, பாதிக்குப் பாதி கரடான ஆற்றுமணலோடு கலந்து, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு சேருங்கள். தூளை எறிந்துவிடுங்கள். இடித்த வீட்டுச் செங்கல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். செட்டிநாட்டுச் சுவரில் சுண்ணாம்பு ஊறியிருக்கும், பைனுக்குச் சற்றே புளிப்பான மண்தான் பிடிக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரால் தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால், உங்கள் வீட்டில் நாலு மூலையிலும் அண்டா வைத்து மழைநீர் பிடித்த பழக்கத்தை இந்த மரத்துக்காகவாவது திரும்பத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் நீர் தேங்காது.

உரத்துக்கு ஜப்பானில் கடுகு வகைப் பிண்ணாக்கு, நமக்குக் கடலைப் பிண்ணாக்கு. மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி மண்மேல் வையுங்கள். எலி வரும், மேலே ஒரு கம்பிவலை போடுங்கள்.

மனதுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். காரைக்குடியின் தை மாத இரவு அதற்குக் குட்டித் தூக்கம்கூட இல்லை. உறக்கமில்லாத பைன் உடனே சாகாது, தளிர் விடும் முறை கலைந்து ஆண்டுக்காண்டு இளைக்கும். மகள் வீடு கொடைக்கானலில் இருக்கிறது. நல்ல வழி, கூடைக்கு மாற்றியதும் மரத்தை அங்கே அனுப்பிவிடுவது. தண்ணீர் ஊற்றுவது மகள் வேலை, கம்பியும் கத்தரியும் உங்கள் வேலை. வருடத்துக்கு இரண்டு பயணம் போதும்.

வீட்டில் கை சும்மா இருக்காது என்றால் ஒரு சவுக்குக் கன்று வாங்குங்கள். புதுக்கோட்டைப் பக்கத்து நாற்றங்காலில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பார்வைக்குப் பைன் போல இருந்தாலும் அது பூக்கும் தாவரம், ஊசி போலத் தெரிவது கணுக்கணுவான சிறு கொம்பு. இந்தோனேசியாவில் இதை வைத்தே பிரமாதமான போன்சாய் செய்கிறார்கள். நம் வெயிலும் உப்பும் அதற்குப் பொருட்டல்ல. கிள்ள வேண்டுமென்ற உங்கள் ஆசைக்கும் அது ஈடுகொடுக்கும்.

பார்த்துவிட்டுப் போவேனா என்று கேட்டீர்கள். எழுபதில் உருண்ட தண்டைப் பார்ப்பீர்கள். எழுபத்தைந்தில் அடியில் பட்டை ஆமை ஓடு போல வெடிக்கத் தொடங்கியிருக்கும். எண்பதில் கண்ணாடி போட்டுக்கொண்டு கேண்டில் வெட்டிக்கொண்டிருப்பீர்கள், மகள் தொட்டியைத் திருப்பிப் பிடிப்பாள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய படத்தில் தண்டின் இரண்டாம் வளைவில் கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கிறது. அதைச் சுற்றியது போலவே பிரித்து எடுக்கப் பார்த்தால் பட்டை உரிந்துவரும். சிறு கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு சுற்றையும் துண்டாக நறுக்கி, துண்டு துண்டாக எடுங்கள். புதைந்த இடத்தில் பிசின் கசிந்தால் துடைக்காமல் விட்டுவிடுங்கள்.