பிரான்சுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் ஃபைல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று என் அறையில் அந்தப் பச்சை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டதற்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள். நடுவில் பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் உங்கள் தம்பியும் வாட்ஸ்அப்பில் வந்து இரண்டு பதில் சொன்னார். மகள் பக்கத்தில் பேசாமல் இருந்தாள். பாஸ்போட் எந்த ஆண்டு முடிகிறது என்று அவளைக் கேட்டபோது, உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். அதற்குள் அடுத்த பிள்ளை வந்துவிட்டதால் பேச்சு பாதியில் நின்றது. மீதியை இதில் எழுதுகிறேன்.

"விசா கிடைத்தால் போதும் சேர், மிச்சத்தைத் தம்பி பார்த்துக்கொள்வான்" என்றீர்கள். எனக்குக் கவலையே அந்த மிச்சத்தில்தான்.

தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் போன காலம் வேறு, வழியும் வேறு. தஞ்சம் கேட்டு, தஞ்சக் கோரிக்கைகளைப் பார்க்கும் ஒப்ரா அலுவலகத்தில் விசாரணைக்குப் போய், காத்திருந்து வதிவிடக் காட் எடுத்தவர் என்று நீங்களே சொன்னீர்கள். மாணவியாகப் போகிறவளுக்கு அந்த அனுபவம் பொருந்தாது. "முதலில் விசிட் விசாவில் வரட்டும், வந்தபிறகு படிப்பு விசாவாக மாற்றலாம்" என்று அவர் சொன்னதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். குறுகியகால விசா 90 நாளுக்கு. படிக்கப் போகிறவர் நீண்டகால விசாவை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் மாற்றுவது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபைலுக்கு வருகிறேன். உங்களுடையதில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான், பெயர். தகப்பன் பெயரில் உள்ள 'சிவ' பாஸ்போட்டில் எச் என்ற ஆங்கில எழுத்து சேர்ந்து இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் எச் இல்லை. உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே மேசையில் இருப்பவருக்கு மூன்று பேர். அதைவிட, அங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பன் பெயர்தான் போகும். அலுவலகத்தில் உங்கள் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லித்தான் மகளைக் கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டு, முறை தவறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பப் போய், பாஸ்போட்டைக் காட்டி, அதில் உள்ள எழுத்துப்படியே மொழிபெயர்ப்பைத் திருத்தி வாங்குங்கள்.

சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் 2018 முதல் இங்கே யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பாஸ்போட்டுக்கும் 2025 செப்டெம்பரில் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, அலுவலகம் திறந்துவிட்டார்கள். மகளின் பாஸ்போட் படிப்பு முடியும் முன்பே காலாவதியாகிறது. அதைப் புதுப்பித்துவிட்டே விசாவுக்குப் போடுங்கள். அங்கே போய் தூதரகம் வழியாக எடுப்பதானால் நாள் பிடிக்கும், அவளுக்கு வகுப்பும் இருக்கும்.

காசு விஷயம். பிரான்ஸ் மாணவருக்கு மாதம் 615 யூரோவுக்கு வழி காட்டச் சொல்கிறது, ஆண்டுக்கு 7,380. ஒருவர் பத்து நாளைக்கு உங்கள் கணக்கில் காசு போட்டு எடுக்கிறேன் என்றாராம். வேண்டாம் அம்மா. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று வந்து விழுந்த தொகை கணக்கறிக்கையைப் பார்க்கிறவர் கண்ணில்தான் முதலில் படும். தம்பி உதவுவதானால் அவர் பெயரிலேயே பொறுப்புக் கடிதம், சம்பளத் துண்டு, வதிவிடக் காட்டின் கொப்பி எல்லாம் சேர்த்து நேராகக் காட்டுவோம். ஜெர்மனி இலகுவா என்றும் கேட்டீர்கள். அங்கே முடக்கிய கணக்கு ஒன்றில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். உங்கள் நிலைமைக்கு அது பாரம்.

சரி, விசா வந்துவிட்டது, நல்லூரில் தேங்காயும் உடைத்தாயிற்று என்று வைப்போம். பாஸ்போட்டில் ஒட்டிவரும் அந்த வி.எல்.எஸ்.-டி.எஸ். விசா, அதாவது வதிவிட அனுமதியாகவும் செல்லும் நீண்டகால விசா, அதோடு முடிவதில்லை. பிரான்சில் இறங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்தி, வரி முத்திரைக் காசும் கட்ட வேண்டும். மறந்தால், விசாவில் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் அவள் அனுமதி இல்லாமல் இருப்பவளாகிவிடுவாள். விடுமுறைக்கு உங்களைப் பார்க்க வந்தால் திரும்பிப் போவதும் சிக்கல்.

அப்புறம் அந்த அனுமதியைப் புதுப்பித்தல். முடியும் திகதிக்கு 4 மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், 2 மாதம் இருக்கும் முன் போட்டுவிட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பித்தவுடன் 'கிடைத்தது' என்று ஒரு தாள் வரும். அது அனுமதி இல்லை. நான் அனுப்பிய ஒரு பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று இருந்துவிட்டான். பழைய திகதி முடிந்த அன்று வேலைத்தலத்தில் அவனை நிறுத்திவிட்டார்கள். முடிவு வரும்வரை தங்கவும் வேலை செய்யவும் விடுகிற நீடிப்புச் சான்று வேறு தாள். அது விண்ணப்பித்த தன் இணையக் கணக்கில் வந்துவிட்டதா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும், வரவில்லையென்றால் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவனிடம் இல்லை, மாமாவிடம் இருந்தது. அன்று இரவு அவன் போனில் அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இதை இவ்வளவு நீட்டி எழுதுவதும் அதனால்தான்.

புதுப்பிக்கும்போது அனுமதி கொடுக்கும் அரச அலுவலகமான பிரிபெக்சர் இன்னொன்றும் பார்க்கும்: பிள்ளை உண்மையாகப் படிக்கிறாளா என்று. வரவுப் பதிவு, பெறுபேறு, பரீட்சைக்கு இருந்த சான்று எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம், வாரத்துக்குச் சராசரி பதினெட்டரை. எனவே நகையை அடகு வைத்த கடனை அவள் மாதாமாதம் அனுப்பி அடைப்பாள் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கணக்குத்தான் பிள்ளைகளை இரவிரவாக றெஸ்ரோரண்டில் பதிவில்லாத கறுப்பு வேலைக்குத் தள்ளுகிறது, பரீட்சையைக் கெடுக்கிறது, கடைசியில் வதிவிடக் காட்டையும் இழக்க வைக்கிறது. முதல் வருடம் ஒரு யூரோவும் வராது என்று எண்ணியே கடன் எடுங்கள். முடியாதென்றால் ஒரு வருடம் பொறுத்துப் போகட்டும், நான் வேறு வழி பார்த்துத் தருகிறேன்.

தம்பி வீட்டில் தங்குவதானால் அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: தங்க இடம் கொடுக்கிறேன் என்று கையெழுத்திட்ட கடிதம், அவருடைய காட்டின் கொப்பி, 3 மாதத்துக்குள் வந்த கரண்ட் பில். அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகளை மட்டும் அனுப்புங்கள். பச்சை ஃபைலையும் ஒரு கொப்பியையும் அவள் கொண்டு வரட்டும். மின்னஞ்சல் கணக்கை அவள் பெயரில் அவளே திறந்து, திகதிகளை அவள் கையாலேயே எழுதட்டும். நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள், தேத்தண்ணி அனுப்புகிறேன்.