கடற்சிங்கமும் ஆற்று மீனும்

கேள்வி: அமெரிக்காவில் ஆற்று மீன்களைக் காப்பதற்காகக் கடற்சிங்கங்களைக் கொல்கிறார்களாமே, இரக்கமான வேறு வழியே இல்லையா?

பதில்: மற்ற வழிகளை முயன்று பார்த்த பின்னரே அங்கே அந்த முடிவுக்கு வந்தார்கள். ஓரிகன் மாநிலத்து வில்லாமெட் அருவியின் அடியில், கடலிலிருந்து முட்டையிட வந்து மேலேறக் காத்திருக்கும் ஸ்டீல்ஹெட் என்னும் மீன்களை, சீல் போன்ற கடல்விலங்குகளான கடற்சிங்கங்கள் கவ்வி, நீர்மட்டத்துக்கு மேலே தலையை உதறிக் கிழித்துத் தின்றன. 2017இல் அருவியைக் கடந்தவற்றுள் பண்ணையில் பொரிக்காமல் ஆற்றிலேயே பிறந்து, குளிர்காலத்தில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட் 512 மட்டுமே. வெடியோசை எழுப்பி விரட்டியதும் பலிக்கவில்லை. 2018இல் பத்து விலங்குகளை வண்டியில் ஏற்றித் தொலைவான கடற்கரையில் விட்டார்கள். சில நாள்களிலேயே அவை நீந்தித் திரும்பிவிட்டன. அதன் பிறகே, மத்திய அரசின் அனுமதியுடன், அருவிக்குத் தொடர்ந்து வந்து பழகியவற்றை மட்டும் கூண்டில் பிடித்து, மருந்தூசி போட்டு வலியின்றி உயிர்நீக்கினார்கள்.

மனம் கனக்கிறது என்பதை மறுக்கவில்லை. மேலே முட்டையிடும் இடங்களை மறித்த அணைகள் மனிதர்கள் கட்டியவை. அந்தப் பழியைக் கடற்சிங்கத்தின் மேல் போடுவது நியாயமன்று. ஆயினும், கடலில் பல்லாயிரக்கணக்கில் வாழும் விலங்கில் சிலவற்றை இழப்பதும், ஓர் ஆற்றின் மீனினம் அடியோடு அழிவதும் ஒன்றல்ல என்றே கருதுகிறேன். 2019இல் அருவியைக் கடந்த மீன்கள் கூடின.