தார் சுற்றியவர்களுக்கு ஆதாரம் உண்டா?

அன்புள்ள அக்கா,

சேலத்தில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வயது 41. இப்போதுதான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். அம்மாபேட்டைத் தறிவீடுகளில் பெண்கள் பார்த்த வேலையைப் பற்றி எழுத ஆசை; முக்கியமாகத் தார் சுற்றுவது, அதாவது தறி நாடாவில் போடும் குச்சியில் ஊடைநூலைச் சுற்றுவது. நெறியாளரோ, "அதுக்கெல்லாம் ஆதாரம் கிடைக்காதும்மா, பேர் பெற்ற பெண்மணி யாரையாவது எடுத்துக்கோ" என்கிறார். ஒரு பேச்சில் கெர்டா லெர்னர் பெயரைச் சொன்னீர்களே, அவர் யார்? இந்த வயதில் இது எனக்குச் சரிப்படுமா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

வயதுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். லெர்னர் அமெரிக்க வரலாற்றாசிரியர், பெண்கள் வரலாற்றைக் கல்லூரிப் பாடமாக்கிய முன்னோடிகளில் ஒருவர். அவர் பி.ஏ. முடித்தது 1963-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது 1966-இல். பிறந்த வருடம் 1920. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார்.

வியன்னாவின் யூதக் குடும்பம். 1938-இல் நாஜிகள் உள்ளே வந்ததும் ஆறு வாரம் சிறை. பதினெட்டாம் பிறந்தநாள் அங்கேதான் கழிந்தது. யூதக் கைதிகளுக்குச் சாப்பாடு குறைவு. உடனிருந்த இரண்டு யூதரல்லாத பெண்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அமெரிக்கா. ஓட்டலில் பரிமாறினார், கடையில் நின்றார், எக்ஸ்ரே டெக்னீஷியனாகவும் இருந்தார். அப்புறம்தான் கல்லூரி. அங்கே பாடப் புத்தகத்தில் பெண்களைக் காணோம். பி.ஏ. மாணவியாக இருக்கும்போதே நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற கல்லூரியில் பெண்கள் வரலாற்றுக்கு ஒரு வகுப்பு நடத்தினார். சாரா லாரன்ஸ் கல்லூரியில் 1972-இல் அதற்கென்றே முதுகலைப் படிப்பு வந்ததும் அவரால்தான்.

அதே 1972-இல், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கடிதம், மனு, பேச்சு எல்லாவற்றையும் திரட்டி ஒரு பெரிய ஆவணத் தொகுப்பு போட்டார். உங்கள் நெறியாளருக்கு அதைக் காட்டலாம். அத்தனையும் ஏற்கெனவே எங்கோ இருந்தவைதான். தேடிப் போக ஆளில்லை, அவ்வளவே.

பேர் பெற்ற பெண்மணி விஷயத்துக்கும் அவரிடம் பதில் உண்டு. விட்டுப்போன பெரிய பெண்களைச் சேர்ப்பது முதல் படி, ஆண்கள் நடத்திய இயக்கங்களில் பெண்களின் பங்கு என்ன என்று பார்ப்பது அடுத்த படி, இரண்டிலும் அளவுகோல் ஆண்களுடையதுதான் என்று 1975-இல் எழுதினார். நெறியாளர் உங்களை முதல் படியிலேயே உட்காரச் சொல்கிறார்.

சரி, அம்மாபேட்டைக்கு வருவோம். நான் இருக்கும் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் செக்ரோலை (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) புரட்டினால் பெண்ணின் பெயர் இருக்கும், எத்தனை நாள் வேலை என்பதும் இருக்கும். கூலி கொடுத்தார்கள், அதனால் எழுதினார்கள். மலையிறங்கினால் கதை வேறு. தறிவீட்டில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றியவள் பெயர் முதலாளி நோட்டில் ஏறாது. வேட்டிக்கு இவ்வளவு என்று கூலி. அது தறியில் உட்கார்ந்தவர் கைக்குப் போகும். அதே தாரை வெளியாளிடம் சுற்றக் கொடுத்தால் காசு, வீட்டுப் பெண் சுற்றினால் ஒன்றுமில்லை. அந்த வெளியாள் கூலி என்ன என்று கேளுங்கள். வீட்டுப் பெண்ணின் வேலைக்கு விலை போட அது போதும்.

ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரையும் (ஆங்கிலேயர் காலத்துச் சேலம் மாவட்ட விவர நூல்) படியுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மொய் நோட்டு, அடகு ரசீது, நெசவாளர் சங்கத்து உறுப்பினர் பதிவேடு எல்லாமே ஆவணம்தான். எந்த மாதம் தோடு அடகுக்குப் போனது, எப்போது மீண்டது என்று பார்த்தாலே வீட்டில் கை இறுகிய காலம் தெரிந்துவிடும். (மொய் நோட்டை யாரும் லேசில் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.)

லெர்னரை அப்படியே கும்பிடவும் வேண்டாம். ஆணாதிக்கத்தின் தோற்றம் பற்றி 1986-இல் வந்த புத்தகத்தில் பழங்கால மெசொப்பொத்தேமியாவுக்கு (இன்றைய ஈராக் பக்கம்) தாவுகிறார். அவர் படித்தது அமெரிக்க வரலாறு. எனக்கு அதில் பாதி ஊகமாகத்தான் படுகிறது. உங்களுக்கு அந்த 1972 தொகுப்பு போதும்.

பாட்டிமாரிடம் முதலில் போங்கள். நோட்டு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தலைப்பில் 'ஊதியமில்லா உழைப்பு' என்று போட்டுக் கொடுங்கள். ஆய்வுக் குழுவில் கேள்வி வந்தால் எனக்கு எழுதுங்கள்.