இன்னஸின் இலையுதிர்காலம் – கடிதம்

வணக்கம்,

அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் இன்னஸ் 1891ல் வரைந்த ‘மான்ட்கிளேர், இலையுதிர்காலத் தொடக்கம்’ படத்தை இணையத்தில் பார்த்தேன். கனவில் வரும் இடம்போல இருக்கிறது. ஆனால் எதுவும் தெளிவாக இல்லை. மரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை. வயதாகிக் கண் மங்கியதால் வந்த பாணியா? இல்லை, பாதியில் விட்ட படமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதிய ஓவியர், மங்கலான படம் என்றதும் கண்ணைச் சந்தேகிப்பது இயல்புதான். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்குக் கண்புரை இருந்தது, 1923ல் அறுவைசிகிச்சையும் செய்துகொண்டார். இன்னஸ் கதை வேறு. இளமையிலிருந்தே வலிப்பு நோயால் அவதிப்பட்டவர் அவர். ஆனால் அந்த மங்கல் அவர் வேண்டுமென்றே கொண்டுவந்தது.

1856 வாக்கில் ஒரு ரயில் கம்பெனிக்காக அவர் வரைந்த ‘லாக்கவான்னா பள்ளத்தாக்கு’ படத்தைத் தேடிப் பாருங்கள். வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளை எண்ணிவிடலாம். ரயிலின் புகை, எஞ்சின் கொட்டகை, புல்லில் சாய்ந்திருக்கும் பையன் எல்லாம் பளிச்சென்று தெரியும். இப்படி வரையத் தெரிந்தவர்தான் பிறகு அதைக் கைவிட்டார்.

1860களில் அவர் ஸ்வீடன்போர்க் என்ற ஸ்வீடன் ஞானியின் எழுத்துகளுக்குள் போனார். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொன்றும் தெரியாத ஒன்றோடு தொடர்புடையது என்பது ஸ்வீடன்போர்க்கின் போதனை. அதை நம்புகிறவருக்கு மரத்தின் ஓரக்கோடு அவ்வளவு முக்கியமில்லை. மரத்தையும் காற்றையும் புல்லையும் சேர்த்துப் பிடிக்கும் ஒளிதான் முக்கியம். 1885ல் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேருக்குக் குடிபோன பிறகு அவர் வரைந்தவை பெரும்பாலும் இதைத் தேடியவைதான்.

இதைச் சாதித்த விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். மெல்லிய, ஊடு தெரியும் வண்ணப் பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவார். ஈரம் காயுமுன் தேய்த்துக் கலைப்பார், தூரிகையின் காம்பால் கீறுவார். முடிந்த படங்களையே மறுபடி எடுத்துத் திருத்துகிற பழக்கமும் உண்டு. அடிப்பூச்சு மேற்பூச்சின் வழியாகக் கசிவதால், நீங்கள் பார்த்த படத்தின் செம்பழுப்பு நிறம் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரிகிறது. கைபேசித் திரையில் இதில் பாதிகூட வராது.

பாதியில் விட்ட படம் இல்லை என்பதற்கு அதன் கட்டமைப்பே சாட்சி. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நிமிர்ந்த மரத்தண்டு, கிடையாக ஓடும் தரை, பின்னால் தணிந்த மரவரிசை. ஓரங்கள்தான் கரைந்திருக்கின்றன, எலும்புக்கூடு உறுதியாக நிற்கிறது. எலும்பில்லாத மங்கலைப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும், இது சலிப்பதில்லை.

1894ல் ஸ்காட்லாந்துப் பயணத்தின்போது இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வரைந்த ‘நாரையின் இல்லம்’ சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. இலையுதிர்காலப் படம் இல்லைதான். ஆனாலும் அடுத்து அதைப் பாருங்கள், இதே முறையை அங்கே இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறார்.