பாட்டுக்குப் படம் கீறுகிற மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தேன். "கொமர்ஸ் படிக்கச் சொன்னால் இங்கிலீஷ் பாட்டைப் போட்டுப் படம் கீறிக்கொண்டிருக்கிறாள், இது நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்கிற நேரம், உங்கள் பயம் நியாயமானது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சித்திரத்தை விடச் சொல்லாதீர்கள்.

மகள் எடுத்திருப்பது பிங்க் ஃபுளொய்ட் என்ற ஆங்கில ரொக் குழு 1973இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' இசைத்தட்டு. ஓடுகிற நேரம், பணம், சாவு, மனம் பேதலிப்பது என்று மனிதரை நெருக்குகிற விஷயங்கள்தான் அதன் பத்துத் தடங்களிலும். அதன் அட்டையை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம். ஒரு பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து மறுபக்கம் நிறங்களாகப் பிரிகிறது. ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவுக்காக அதை வரைந்தவர் ஜோர்ஜ் ஹார்டி. பெயரில் நிலா இருக்கிறது, அட்டையில் இல்லை. கேட்டதை அப்படியே கீறாமல், கேட்டபோது தனக்கு என்ன பட்டதோ அதைக் கீறுவதுதான் இந்தத் தொழில்.

மகளின் கொப்பியில் முதல் சில பக்கங்கள் கித்தார் வாசிப்பவர்களின் புகைப்படத்தைப் பார்த்துக் கீறியவை. கை சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து வருகிற மூன்று படங்களில்தான் நான் நின்றுவிட்டேன்.

'டைம்' என்ற பாட்டு, பல கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடிப்பதோடு தொடங்கும். மகள் ஒரு கடிகாரம்கூடக் கீறவில்லை. விடியற்காலை மூட்டத்தில், தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களம், அங்கே தப்பு மேளம் அடிக்கிற ஒருவர், லயத்து வீட்டு வாசலில் கொண்டையை முடிந்தபடி ஓடுகிற பெண்கள். 'மணி' என்ற பாட்டில் காசு இயந்திரத்தின் சத்தமும் சில்லறை விழுகிற சத்தமும் தாளமாக வரும். அதற்கு அவள் பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்துத் தராசைக் கீறி, அதன் முள்ளைப் பெரிதாக்கி, சுற்றிலும் அதையே பார்க்கிற கண்களை வைத்திருக்கிறாள். மூன்றாவது, கிளேயர் டொரி என்ற பாடகி ஒரு சொல்லும் இல்லாமல் குரலாலேயே பாடிய தடத்துக்கு. சொல் இல்லாத பாட்டுக்கு எதைக் கீறுவது? மகள் ஒப்பாரி வைக்கிற ஒரு கிழவியைக் கீறியிருக்கிறாள். அது அவளுடைய அம்மாயிதானே? இலண்டனில் பதிவான பாட்டை ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் மலைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது அம்மா.

கதைப் புத்தகம், பாடநூல், பத்திரிகை, விளம்பரம், அனிமேஷன் எல்லாவற்றிலும் சித்திரக்காரருக்கு முதலில் வருவது ஒரு எழுத்துதான். அதை வாசித்துப் படமாக்க வேண்டும். மகள் அந்தப் பயிற்சியைத் தானாகவே தொடங்கிவிட்டாள். ஆனாலும் ஆரம்ப வருடங்களில் வருமானம் மாதாமாதம் ஒழுங்காக வராது. அதனால்தான் ஒரு பட்டமோ தகைமைச் சான்றிதழோ கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

கலைப்பிரிவில் சித்திரத்தோடு, அவளுக்கு நல்ல புள்ளி வரக்கூடிய இரண்டு பாடங்களை எடுக்கட்டும். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் உங்கள் பாடசாலையில் இருந்தால் இன்னும் நல்லது. பாடச் சேர்க்கை பல்கலைக்கழக விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று வகுப்பாசிரியரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் படிப்பதென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் கட்புலக்கலை, அதாவது ஓவியம் போன்ற கலைகளுக்கான பட்டப்படிப்பு இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம் வேலைக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் அது ஆங்கிலத்தில். இப்போதிருந்தே ஆங்கிலத்தில் கவனம் வேண்டும். எல்லாமே அரச பல்கலைக்கழகங்கள், படிப்புக் கட்டணம் இல்லை. தகுதி பெற்றால் மகாபொல உதவித்தொகையும் உண்டு.

நம் பிள்ளைகள் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. இப்படியான படிப்புகளுக்கு உயர்தரப் பெறுபேற்றில் வருகிற இசட் புள்ளி மட்டும் போதாது, அந்தத் துறைக்கான திறமையைச் சோதிக்கிற உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாகக் கோரும். தோட்டத்தில் இருந்துகொண்டு அந்த அறிவித்தலைத் தவறவிட்டால், எவ்வளவு நல்ல பெறுபேறு வந்தாலும் அந்த வருடம் போய்விடும். உயர்தரம் எழுதி முடித்த நாளிலிருந்து பத்திரிகையையும் பல்கலைக்கழக இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் தேசிய தொழில் தகைமை நிலை 4இல் கணினி வரைகலை படிக்கலாம். அப்பா கேட்கிற "கம்பியூட்டர் கோர்ஸ்" அதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மகள் இந்தப் படங்களை டீசேர்ட்டில் அச்சடித்து விற்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அவள் தானாக யோசித்துக் கீறிய படம் அவளுக்கே உரியது; அதற்குப் பதிவும் தேவையில்லை. ஆனால் பாட்டின் வரிகள், அட்டைப்படம், குழுவின் பெயர் எல்லாம் வேறு ஆட்களுடைய சொத்து. அவற்றை அனுமதி இல்லாமல் போட்டு விற்கக் கூடாது. பிரட்டுக்களப் படத்தைத் தனியாக விற்கட்டும், அதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை.

அவளுடைய உழைப்பையும் யாருக்கும் வாய்ப்பேச்சில் கொடுத்துவிடக் கூடாது. அந்தக் கிளேயர் டொரிக்கு அன்றைக்குக் கிடைத்தது வெறும் 30 பவுண். பாட்டை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமான பிறகுதான் அவர் பெயர் பாட்டை ஆக்கியவர்களோடு சேர்ந்தது. யாராவது மகளிடம் படம் கேட்டால் எதற்கு, எவ்வளவு, யார் பெயரில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி.

பத்துத் தடங்களையும் முடிக்கச் சொல்லுங்கள், பாதியில் விடக் கூடாது. ஒவ்வொரு படத்தின் கீழும் திகதியும், ஏன் இப்படிக் கீறினேன் என்று நாலு வரியும் எழுதட்டும். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள். பாடத் தெரிவுப் படிவம் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக வாருங்கள். அவருடைய கேள்விகளுக்கு நான் நேரிலேயே பதில் சொல்கிறேன்.