மஸில்லோடருக்கு மருந்தும் அளவும்: வாசகர் கேள்விகள்

மஸில்லோடர் என்றால் குழல்வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் துப்பாக்கி. அமெரிக்காவில் மான் பருவம் நெருங்க நெருங்க, அதற்கு என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டுக் கடிதங்கள் குவிகின்றன. பாதிப் பேர் குழலின் உள்விட்டமான காலிபரைக்கூட எழுதவில்லை. இனிமேல் எழுதுகிறவர்கள் காலிபர், குழலின் முறுக்கு (உள்ளே சுற்றி ஓடும் ரைஃப்ளிங் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்பது), பற்றவைக்கும் முறை மூன்றையும் முதல் வரியிலேயே போடுங்கள். கிரெய்ன் என்பது ஒரு சின்ன எடை அலகு. குண்டுக்குச் சொன்னால் அது எடை. கீழே வரும் மருந்தின் கிரெய்ன் கணக்கெல்லாம் அளவுக் குழாயில் அளந்த கன அளவு. எடை என்றால் எடை என்றே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: .50 காலிபர் கேப்லாக் (கேப் என்ற சின்ன வெடிமூடியைத் தட்டிப் பற்றவைப்பது), 1:60 முறுக்கு. உருண்டை ஈயக்குண்டு போட்டு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். 2 எஃப்பா, 3 எஃப்பா? எவ்வளவு?

இப்படித்தான் கேட்க வேண்டும். எஃப் எண் கூடக் கூட மருந்துத் துகள் பொடிசாகும். 2 எஃப் கருமருந்து, 70 கிரெய்னில் தொடங்குங்கள். ஐந்தைந்தாகக் கூட்டி, 50 கஜத்தில் மும்மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். 80க்கும் 90க்கும் நடுவில் எங்கோ கூட்டம் (இலக்கில் குண்டுகள் விழுந்த பரப்பு) இறுகும். அதுதான் உங்கள் அளவு. .490 குண்டு, அதைச் சுற்றி .015 அங்குலப் பருத்தித் துணித் துண்டு (பாட்ச்) என்று ஆரம்பிக்கலாம். சுட்டபின் முன்னால் விழுந்து கிடக்கும் பாட்சைப் பொறுக்கிப் பாருங்கள். ஓரம் பிய்ந்து மற்றபடி முழுசாக இருந்தால் சரி. நடுவில் கருகி ஓட்டையாகியிருந்தால் துணி மெல்லிசு, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை. ரைஃப்ளிங் வெட்டியதுபோல் வரிவரியாகக் கிழிந்திருந்தால் குழல்வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பாலியெஸ்டர் கலந்த துணி உருகி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். 3 எஃப்தான் கையில் இருக்கிறதென்றால் அளவில் 10 முதல் 15 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள்.

இந்தக் குண்டு 177 கிரெய்ன்தான் எடை. வாயிலிருந்து வினாடிக்கு 1,800 அடிக்கு மேல் போனாலும் 100 கஜத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் தூரத்தில் மான் நின்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு நல்ல பவுடர் பெயர் சொல்லுங்கள்.

எதற்கு? ஃப்ளிண்ட்லாக் (கல்லை உரசிப் பொறி எழுப்பிப் பற்றவைப்பது) என்றால் அசல் கருமருந்து, வேறு பேச்சில்லை. பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் தீப்பிடிக்க அதிகச் சூடு வேண்டும், கல்லின் பொறிக்கு மசியாது. 11ஆம் எண் கேப் போடும் துப்பாக்கிக்குக் கருமருந்து, பைரோடெக்ஸ் ஆர்.எஸ்., ட்ரிபிள் செவன் மூன்றும் ஆகும். 209 பிரைமர் (கேப்பைவிடச் சூடான பற்றவைப்பான்) போடும் இன்லைன் (பற்றவைப்பான் குழலின் பின்னால் நேர்கோட்டில் இருக்கும் நவீன வகை) என்றால் பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்தும் ஆகும். பிளாக்ஹார்னைக் கேப்லாக்கில் போடக் கூடாது, அந்தச் சின்னக் கேப் அதைச் சரியாகப் பற்றவைக்காது. உங்கள் துப்பாக்கி எது என்று எழுதினால் மேலே பேசலாம்.

கேள்வி: ரீலோடிங் தராசில் பிளாக்ஹார்ன் 209 சரியாக 100 கிரெய்ன் நிறுத்துப் போட்டேன். தோளில் பயங்கர உதை. கூட்டமும் சிதறுகிறது.

நிறுத்துங்கள். பிளாக்ஹார்னில் கன அளவு 100 என்பது எடையில் 70தான். நீங்கள் எடையில் 100 போட்டதால் கன அளவு 140ஐத் தாண்டிவிட்டது. அதற்கு உச்ச வரம்பு 120. குழல் வெடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்த முறை சுடுவதற்கு முன் துப்பாக்கியை ஒரு கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்.

அசல் கருமருந்தில் மட்டும்தான் கன அளவும் எடையும் ஏறக்குறைய ஒன்று. மாற்று மருந்தெல்லாம் அதைவிட லேசு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதம். ட்ரிபிள் செவன் லேசாகவும் இருக்கும், அதே கன அளவுக்கு வேகமும் கூடுதலாகத் தரும். அதனால் கருமருந்துக் கணக்கிலிருந்து சுமார் 15 சதவீதம் குறைத்துத்தான் போட வேண்டும். தராசில்தான் நிறுப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், தயாரிப்பாளர் அந்த மருந்துக்கென்றே தந்த எடைப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

கேள்வி: .50 இன்லைன், 1:28 முறுக்கு, 250 கிரெய்ன் சேபாட் (பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த குண்டு). நண்பர்கள் எல்லாரும் மூன்று பெல்லட் போடுகிறார்கள். நான் இரண்டோடு நிற்பது தவறா?

இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது. பெல்லட் என்பது மருந்தை அழுத்திச் செய்த வில்லை. மூன்று பெல்லட் என்றால் 150 கிரெய்ன். டப்பாவில் "மேக்னம்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தவுடன் கை நீளுகிறது.

முதலில் உங்கள் துப்பாக்கியின் கையேட்டைப் படியுங்கள். 150 தாங்கும் என்று எழுதியவையும் உண்டு, 100க்கு மேல் போகாதே என்று எழுதியவையும் உண்டு. நண்பரின் துப்பாக்கி தாங்குவது உங்களுடையதற்குச் சான்று ஆகாது.

தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம், என்ன கிடைக்கிறது? மருந்தை ஒன்றரை மடங்காக்கினால் வேகம் ஏறக்குறைய 15 சதவீதம்தான் கூடுகிறது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையாகவும் கரியாகவும் நிற்கும். மாற்று மருந்துகளிலும் எச்சம் உண்டு. அந்தப் பாரத்தையும் குண்டோடு சேர்த்துக் குழலுக்கு வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. கூடுதலாகப் போட்டதில் ஒரு பகுதி வாய்க்கு வெளியே எரிந்து வெளிச்சம் காட்டுகிறது, அவ்வளவுதான். தோளுக்கு உதை மட்டும் முழுசாக வந்து சேரும். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிறவனுக்கு எந்த மருந்தும் உதவாது.

துல்லியமும் போகும். சேபாட் என்பது பிளாஸ்டிக். சூடும் அழுத்தமும் ஏறினால் இதழ் கிழிந்தோ அடி உருகியோ குண்டைக் கோணலாக விடும். 100 கஜத்தில் இரண்டு அங்குலக் கூட்டம் தந்த துப்பாக்கி ஆறு அங்குலத்துக்குப் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பாதை தட்டையாகிறதே என்பீர்கள். 100 கஜத்துக்குக் குறி வைத்தால் 150 கஜத்தில் கிடைக்கும் மிச்சம் ஒன்றரை, இரண்டு அங்குலம். மரம் அடர்ந்த காட்டில் 150 கஜம் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் .58 ஸ்ப்ரிங்ஃபீல்டு 1861 ராணுவத் துப்பாக்கி சுமார் 500 கிரெய்ன் மினியே (Minié) ஈயக்குண்டை 60 கிரெய்ன் மருந்தில் அனுப்பியது. ஒரு மானை வீழ்த்த 150 எதற்கு என்று யோசியுங்கள்.

பெல்லட்டின் மேலேயே எனக்கு இன்னொரு குறை. 50, 100, 150 என்று தாண்டித் தாண்டிப் போகலாமே தவிர ஐந்து கிரெய்ன் கூட்டிக் குறைத்து உங்கள் குழலுக்குப் பிடித்த அளவைத் தேட வழியில்லை. உதிரி மருந்து வாங்குங்கள். 80இல் ஆரம்பித்து 110க்குள் தேடுங்கள், கிடைக்கும். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் பெல்லட்டும் கூடாது, சேபாட்டும் கூடாது, தொலைநோக்கிக் குறியும் கூடாது. அங்கே போகிறவர்கள் விதியைப் படித்துவிட்டு மருந்து வாங்குங்கள்.

பெல்லட்தான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு: பைரோடெக்ஸ் பெல்லட்டின் கருத்த அடிப்பக்கம் பிரைமரைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் வெடிக்கத் தாமதமாகும், சில நேரம் வெடிக்கவே வெடிக்காது. ட்ரிபிள் செவனில் இந்தப் பக்கப் பிரச்சினை இல்லை.

கேள்வி: வேகத்துக்காக ஸ்மோக்லெஸ் பவுடர் (இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து) துளி கலக்கலாமா?

கூடாது. ஒரு கிரெய்ன்கூடக் கூடாது. அதன் அழுத்தம் உங்கள் குழலைப் பிளக்கும். சாவேஜ் 10 எம்.எல். அதற்கென்றே கட்டிய துப்பாக்கி, உங்களுடையது அதுவல்ல.

கேள்வி: பென்சில்வேனியா ஃப்ளிண்ட்லாக் பருவம். விசையை இழுத்தால் "ஃபுஸ்ஸ்..." என்று இழுத்துவிட்டுத்தான் வெடிக்கிறது.

பானில் (பொறி விழும் சின்னக் கிண்ணம்) அளவுக்கு மீறி நிரப்புகிறீர்கள். 4 எஃப் இரண்டு மூன்று கிரெய்ன் போதும், பானில் மூன்றில் ஒரு பங்கு. பானிலிருந்து குழலுக்குள் தீ போகும் தீத்துளையை மருந்து மூடினால் அது திரிபோல் எரிந்துதான் உள்ளே போக முடியும். துளைக்குக் கீழே மருந்து நின்றால் சுடர் நேராகப் பாயும். கெட்டித்தபின் துளையில் ஊசி விட்டு வழி திறந்துவையுங்கள். டிசம்பர் ஈரத்தில் பான் மருந்து குழம்பாகிவிடும், அரைமணிக்கொரு தரம் துடைத்துப் புதிது போடுங்கள். இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே ஒரு நிமிடமாவது வைத்திருங்கள்.

கேள்வி: ட்ரிபிள் செவன் போட்டு ஒரு தடவை சுட்டால் அடுத்த குண்டு அடிவரை இறங்க மறுக்கிறது. முக்கால்வாசியோடு விட்டால் என்ன?

குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது. காலிக் குழலில் ஒரு கோடு, சரியாகக் கெட்டித்தபின் ஒரு கோடு என்று குண்டை இறக்கும் கோலில் இரண்டு கோடு போடுங்கள். கோடு வாயோடு பொருந்தாமல் சுடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் கோடு போடாதவர்களிடமிருந்து கடிதம் வருவது நிற்கவில்லை.

உங்கள் தொல்லை, மருந்து இருக்கும் இடத்தருகே படியும் கெட்டிக் கரி வளையம். ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு எச்சில் நனைத்த பாட்ச் ஒன்று, காய்ந்த பாட்ச் ஒன்று விட்டெடுங்கள். ட்ரிபிள் செவனுக்கென்றே வரும் வீரியம் குறைந்த 209 பிரைமருக்கு மாறினால் வளையம் நன்றாகக் குறையும்.

கேள்வி: சுத்தம் செய்ய?

கருமருந்து, பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் மூன்றுக்கும் சோப்பும் சுடுதண்ணீரும், அன்றைக்கே. பிறகு காயவைத்து எண்ணெய். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் வேண்டாம், வழக்கமான குழல் சால்வென்ட். ப்ரீச் ப்ளக்கின் (குழலின் பின்முனையை அடைக்கும் திருகு மூடி) தீ வழியில் அடைக்கும் கரியை 1/8 அங்குல டிரில் பிட்டைக் கையால் திருகி எடுங்கள். அடுத்த முறை கெட்டிக்கும் முன் எண்ணெயைத் துடைத்து, வெறும் குழலில் இரண்டு கேப் வெடித்துவிடுங்கள். முதல் குண்டு வெடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மிச்ச எண்ணெய்தான் காரணம்.

கேள்வி: கலிபோர்னியாவில் ஈயக்குண்டு ஆகுமா?

வேட்டைக்கு ஆகாது. 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. செம்புக் குண்டைச் சேபாட்டில் போடுங்கள்.

கேள்வி: மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிட்டேன்.

எல்லாரும் செய்வதுதான். கேப்லாக் என்றால் நிப்பிளை (கேப் உட்காரும் சின்னக் குழாய்) கழற்றி, அந்த வழியாக நான்கைந்து கிரெய்ன் 3 எஃப்பை ஊட்டுங்கள். நிப்பிளை மாட்டி, குண்டு அடிவரை இருக்கிறதா என்று கோலால் பார்த்து, கோலை வெளியே எடுத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் சுட்டுத் தள்ளுங்கள். கரியமில வாயுச் சிலிண்டரால் தள்ளும் கருவியும் விற்கிறது. இன்லைன் என்றால் ப்ரீச் ப்ளக்கைக் கழற்றி வாய்ப்பக்கமாகத் தள்ளிவிடலாம்.

கேள்வி: எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுப் பொருள் விற்பனை) லேபிள் இல்லாத டப்பாவில் கறுப்பு மருந்து கிடைத்தது. 2 எஃப் போலத்தான் இருக்கிறது. போடலாமா?

ஸ்மோக்லெஸ்ஸும் கறுப்பாக இருக்கும். போடாதீர்கள். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.