மூங்கில் இலையின் அடிப்பக்கம்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்டில் இருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் வீட்டின் பின்பக்கம் வேலிக்காக மூங்கில் நட்டோம். போன கோடையிலிருந்து இலைகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள். சத்துக் குறைவாக இருக்கும் என்று உரம் போட்டேன், மாறவில்லை. ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஃபோனில் மாட்டும் லென்ஸால் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இணையத்தில் தேடினால் மூங்கில் சிலந்திப்பேன், ஸ்டிக்மியாப்சிஸ் சிலேரியஸ் என்று வருகிறது. அதுதானா என்று உறுதிப்படுத்த முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் பூச்சிமருந்து அடித்துவிடச் சொல்கிறார். பெயர் தெரிந்தால் மருந்து வாங்க வசதியாக இருக்கும்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படங்கள் கிடைத்தன. மூன்றாவது படம் அருமையாக வந்திருக்கிறது. நடுநரம்பை ஒட்டி ஒரு வெள்ளைப் படலம். அதன் ஓரத்தில் வைக்கோல் நிறத்தில் தட்டையான ஓர் உடல், அதில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். படலத்துக்குள் மங்கலாக முட்டைகள். சிலந்திப்பேன்தான், சந்தேகமே வேண்டாம். ஸ்டிக்மியாப்சிஸ் பேரினம் என்பதுவரை துணிந்து சொல்வேன். சிலேரியஸா என்று கேட்டால் இந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இதையே வாழ்நாள் வேலையாகச் செய்பவர்களும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் அந்தத் திட்டுகளைப் பாருங்கள். நம்மூர் கத்தரியிலும் வெண்டையிலும் வரும் சிலந்திப்பேன் இலை முழுக்க அலைந்து திரிந்து சாறு உறிஞ்சும். அதனால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளுக்கும். வலையும் ஒட்டடை மாதிரி தாறுமாறாக இருக்கும். உங்கள் மூங்கிலில் வெளுப்பு நீள்சதுரமாக, நரம்புகளுக்கு இணையாக, ஓரம் வைத்து வெட்டியதுபோல் இருக்கிறது. காரணம் அடியில் உள்ள கூடு. நரம்பை ஒட்டிய பள்ளத்துக்கு மேல் இழை இழையாக நெய்து இறுக்கமான ஒரு கூரை போடுகின்றன. அந்தக் கூரைக்குக் கீழேயே தின்று, முட்டையிட்டு, குஞ்சுகளோடு வாழ்கின்றன. கூடு எவ்வளவோ திட்டும் அவ்வளவு. இலையின் மேல்பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அடியிலிருக்கும் வீட்டின் தரைப்படம்.

இனி பெயருக்கு வருகிறேன். நேதன் பேங்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1917-இல் ஃப்ளோரிடாவில் மூங்கிலிலிருந்து எடுத்த பேன்களுக்கு வைத்த பெயர்தான் சிலேரியஸ். ஆசிய உயிரி அது, மூங்கில் கன்றோடு கடல் தாண்டிப் போனது. பின்னால் வந்தவர்கள் அதை ஸ்கைசோடெட்ரானிகஸ் என்ற பேரினத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மூங்கிலில் இப்படிக் கூடு கட்டும் பேன் எங்கே அகப்பட்டாலும் சிலேரியஸ் என்று எழுதிவிடுவதே வழக்கமாகிவிட்டது.

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் யுதாகா சைட்டோ அதோடு விடவில்லை. அங்கே மலைச்சரிவெல்லாம் சாசா என்ற குட்டை மூங்கில் மண்டிக்கிடக்கும். அதன் இலைகளில் ஒரு கூடு நீளமாக, பெரிய குடும்பத்தோடு இருக்கிறது. இன்னொன்றில் ஒரு தாயும் சில முட்டைகளும் மட்டும், அதேபோல் குட்டிக் கூடுகள் இலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இனம் ஏன் இரண்டு விதமாக வீடு கட்ட வேண்டும்? கேள்வி அங்கே தொடங்கியது. உருப்பெருக்கியில் பார்த்தால் முதுகு மயிர்களின் நீளத்திலும் வேறுபாடு இருந்தது. 1990-இல் சாசாவில் பெரிய கூடு கட்டும் லாங்கஸ், மிஸ்காந்தஸ் என்ற புல்லில் வாழும் மிஸ்காந்தி என்று இரண்டு இனங்களைப் பிரித்துப் பெயரிட்டார். 2004-இல் அவரும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து பேங்க்ஸ் வைத்த பழைய ஸ்டிக்மியாப்சிஸ் பேரினத்தை மீட்டெடுத்து, தாகஹாஷியி, சஹாராய் என்று மேலும் இரண்டைச் சேர்த்தார்கள்.

கூட்டின் அளவுக்குப் பின்னால் உயிர்ப் போராட்டம் இருக்கிறது. இந்தப் பேன்களைத் தின்ன டிஃப்லோட்ரோமஸ் பாம்புசே என்ற வேட்டைப் பேன் அதே இலைக்கு வரும். சின்னக் கூடு கட்டுபவை முட்டைகளைப் பல கூடுகளில் பிரித்து வைக்கின்றன, ஒன்றைக் கண்டுபிடித்தாலும் மற்றவை தப்பும். லாங்கஸ் போன்றவை பெரிய கூட்டில் கூட்டமாக இருந்து எதிர்த்து நிற்கின்றன. வேட்டைப் பேனின் குஞ்சு உள்ளே நுழைந்தால் தாயும் தகப்பனும் சேர்ந்து விரட்டுகின்றன, சில சமயம் கொன்றும் விடுகின்றன. சைட்டோ 1986-இல் இதை எழுதினார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர், தகப்பனும் காவல் நிற்கிறது! இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. அந்தக் கட்டுரை வந்தபோது லாங்கஸ் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வாழ்க்கையைப் பார்த்த பிறகுதான் பெயர் வந்தது.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் உண்டு. 1999-இல் ஓரிகன் ஆய்வாளர்கள் மூங்கில் சிலந்திப்பேன் பரவியிருப்பதைப் பற்றி எழுதியபோது அதை லாங்கஸ் என்றே குறித்தார்கள். ஆகவே உங்கள் ஊரில் இணையம் சொல்லும் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது.

உறுதியாகச் சொல்ல ஆண் பேன் வேண்டும். சிலந்திப்பேன்களில் இனத்தைப் பிரிக்க ஆணின் குறி வடிவம் முக்கியமான அடையாளம். அதைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் வளைவு தெரியும். ஆண் பெண்ணைவிடச் சிறியது, பின்னுடல் கூம்பி முடியும். நான் இதைக் கத்தரிப் பேனில் செய்து பார்த்திருக்கிறேன். கண்ணாடித் துண்டில் ஒரு துளி திரவம், அதில் ஊசி முனையால் ஆணை இறக்கி, மேலே மெல்லிய மூடுகண்ணாடி. வைத்ததும் அது மல்லாந்துவிடும். மூடுகண்ணாடியை நகத்தால் ஒரு மயிரிழை தள்ள வேண்டும், உள்ளே பேன் உருண்டு பக்கவாட்டுக்கு வரும். கொஞ்சம் அழுத்தம் கூடினால் நசுங்கிப்போகும். ஒரு மாலையில் நான்கு ஆண்களை வைத்து, ஒன்றில்தான் அந்தக் கொக்கி வடிவம் தெளிவாகக் கிடைத்தது. ஸ்டிக்மியாப்சிஸில் இதோடு முதுகு மயிர்களையும் அளக்க வேண்டும். ஃபோன் லென்ஸுக்கு எட்டுகிற வேலை இல்லை இது.

மருந்து விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சிலந்திப்பேன் பூச்சி இல்லை, எட்டுக்கால் உயிர், சிலந்தியின் பங்காளி. பூச்சிமருந்துகள் பலவும் இதை ஒன்றும் செய்யாது, ஆனால் இதைத் தின்னும் வேட்டைப் பேன்களைக் கொன்றுவிடும். போதாததற்கு அந்தக் கூரை தெளிப்பை உள்ளே விடாது. சீனாவில் ஃபுஜியான் மாகாணத்து மோசோ மூங்கில் தோப்புகளில் நான்ஜிங்கென்சிஸ் என்ற இதன் உறவினம் பெருகிப் பெரும் சேதம் செய்தது. அடிச்செடிகளையெல்லாம் வெட்டிவிட்டு மூங்கில் ஒன்றையே வளர்த்ததையும் அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் வேலிக்குள் கொஞ்சம் புல் பூண்டு இருந்தால் இருக்கட்டும்.

மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். புதிதாக மூங்கில் வாங்கினால் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இந்தப் பேனால் மூங்கில் செத்துப்போவதில்லை, பார்வைக்குத்தான் நலிந்து தெரியும்.

பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. கூடுள்ள இலைகள் பத்துப் பன்னிரண்டு பறித்து, இரண்டை அப்படியே நாளிதழுக்குள் அழுத்தி வையுங்கள். மற்றவற்றிலிருந்து சின்னத் தூரிகையால் பேன்களை எழுபது சதவீத ஆல்கஹாலில் இறக்குங்கள். ஐம்பது அறுபது இருக்கட்டும், அதில் ஆண்கள் சில வந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டில் தேதி, இடம், மூங்கிலின் பெயர் மூன்றும் வேண்டும். உங்கள் பகுதிப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவில் கொடுத்துக் கேளுங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். ஸ்கேலை இலைமேல் வைத்து இருபது கூடுகளின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி, ஒவ்வொன்றிலும் வளர்ந்த பேன் எத்தனை, முட்டை எத்தனை என்று பக்கத்தில் குறித்து அனுப்புங்கள். பெரிய கூடுகளா, சிதறிய குட்டிக் கூடுகளா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அன்புடன்